மிச்ச மரத்தில் வாசல் பெஞ்சு

மரமும் கையும் – 8

வெளியில் போடும் மரச் சாமான் எத்தனை வருஷம் உழைக்கும் என்பது, அதன்மேல் விழும் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வடிந்து காய்கிறது என்பதைப் பொறுத்தது. தேக்கில் செய்த நாற்காலியானாலும், மழைத்தண்ணீர் தேங்கும் மூட்டு ஒன்று இருந்தால் முதலில் அந்த இடம்தான் கெடும். பேக்கிங் பெட்டியில் இருந்து கழற்றிய சாதாரணப் பைன் பலகையும், தண்ணீர் நிற்காத அமைப்பும் ஒழுங்கான பெயிண்டும் கிடைத்துவிட்டால் பல மழைக்காலங்களைத் தாங்கும். மிச்ச மரத்தில் வெளிச்சாமான் செய்ய இந்த ஒரு விதி மனத்தில் இருந்தால் போதும். மரம் பொறுக்குவது, அளவு வைப்பது, மூட்டுவது, பெயிண்ட் அடிப்பது எல்லாவற்றிலும் செய்ய வேண்டியது என்ன என்று இதுவே சொல்லிவிடும்.

மிச்ச மரம் எங்கே கிடைக்கிறது

தமிழ்நாட்டில் மிச்ச மரம் மூன்று வழிகளில் கிடைக்கிறது. முதல் வழி, இடிக்கும் வீடு. நிலை, கதவு, ஜன்னல் சட்டம், உத்திரம், கைமரம் எல்லாம் பழைய மரக் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. தேக்கு, வேங்கை, பலா, வேம்பு, ஓட்டு வீடாக இருந்தால் பனங்கை என்று இவற்றில் பல வகை உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கே அதிகம். இந்த மரங்கள் பல பத்தாண்டுகள் காய்ந்தவை. முறுகுவதும் வளைவதும் முடிந்துபோனவை. வைரம் பாய்ந்த பகுதி வெளிச்சாமானுக்கு மிக உகந்தது. மரத்தின் வெளிவட்டமான வெள்ளைப் பகுதிக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை. தேக்கின் வெள்ளையும் சாதாரண மரம்போலத்தான் கெடும். ஆகவே மரத்தின் பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்தத் துண்டில் வைரம் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, கட்டட வேலை. சென்ட்ரிங் பலகையும் முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்பும் வேலை முடிந்ததும் மூலையில் குவியும். சென்ட்ரிங் பலகையில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்த பிறகே ரம்பம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ரம்பப் பல்லும் இழைப்புளியின் அலகும் சில நிமிடங்களில் மழுங்கிவிடும். பிளைவுட் துண்டுகளில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் வகை மட்டுமே வெளியில் தாங்கும். சாதாரண பிளைவுட் ஓரம் நனைந்தால் அடுக்கு அடுக்காகப் பிரியும்.

மூன்றாவது வழி, தொழிற்பேட்டை. இயந்திரங்களும் உதிரிப் பாகங்களும் வந்திறங்கும் மரப் பெட்டிகளும் பேலட்டுகளும் காலியானதும் பழைய மரமாக விற்கப்படுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை பைன் போன்ற மென்மரங்கள். அறுக்கவும் இழைக்கவும் சுலபம், எடையும் குறைவு. ஆனால் பூஞ்சணத்தையும் கரையானையும் தாமாக எதிர்க்கும் சக்தி இவற்றுக்கு இல்லை. ஆகவே பெயிண்ட் இல்லாமல் வெளியில் போடக்கூடாது.

ரப்பர் மரத்தையும் மாமரத்தையும் வெளிச்சாமானுக்குத் தவிர்ப்பது நல்லது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் துளைக்கும் வண்டு விரும்பி வரும். ஈரத்தில் இரண்டுமே சீக்கிரம் உளுத்துப்போகும்.

எடுக்குமுன் பார்க்க வேண்டியவை

நாடு விட்டு நாடு போகும் மரப் பேக்கிங்குக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி 2002-இல் ஏற்கப்பட்டது. மரத்தோடு பூச்சிகள் பயணம் செய்வதைத் தடுப்பது இதன் நோக்கம். அதன்படி பேலட்டில் கோதுமைக் கதிர் சின்னமும், நாட்டின் இரண்டெழுத்துக் குறியும், பக்குவப்படுத்திய முறையின் குறியும் சூடு போடப்பட்டிருக்கும். எச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் குறைந்தது 30 நிமிடம் வைத்தது என்று பொருள். இதில் ரசாயனம் எதுவும் சேர்வதில்லை. எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்ட மரம். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் இந்தப் பொருள் மாண்ட்ரீல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. மனிதர் உட்காரவும் குழந்தைகள் விளையாடவும் செய்யும் சாமானுக்கு எச்.டி. குறி உள்ள மரத்தையே எடுக்க வேண்டும். குறி எதுவாக இருந்தாலும், எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ உள்ள பலகையை ஒதுக்கிவிட வேண்டும். அதில் என்ன கொட்டியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

பழைய கதவிலும் ஜன்னலிலும் உள்ள பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற இந்திய விதி 2016-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை ஈயம் உள்ளது என்றே எண்ணிக் கையாள்வது பாதுகாப்பு. அதை உலர்வாகத் தேய்த்துத் தூசு கிளப்பக்கூடாது, நெருப்பால் கருக்கி உரிக்கவும் கூடாது. தண்ணீர் தொட்டு ஈரத்தோடு தேய்த்து, விழும் சுரண்டலைப் பழைய துணியில் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது. பழைய பெயிண்ட் ஒட்டிய துண்டுகளை வெந்நீர் அடுப்பில் விறகாக வைக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். அந்தப் புகையிலும் சாம்பலிலும் ஈயம் தங்கும்.

மரத்தின் உள்நிலையை அறிய ஸ்க்ரூ டிரைவர் முனையே போதும். அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகும் இடம் இற்றது. சிறு துளைகளும், தட்டினால் மாவு போல உதிரும் தூளும் இருந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்தப் பலகையை மற்ற மரங்களோடு சேர்த்து வைக்கவே கூடாது. மேலோட்டமாகக் கறுத்திருப்பதும் சாம்பல் நிறமும் குறைகள் அல்ல. வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தின் மேல்தோலில் உள்ள லிக்னின் என்ற பொருளைச் சிதைப்பதால் வரும் நிறம் அது. ஒரு முறை இழைத்தால் உள்ளே நல்ல மரம் தெரியும்.

ஈரம் மரத்தை என்ன செய்கிறது

மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சணத்துக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அது வளராது. மழை பெய்து உடனே காய்ந்துவிடும் பலகையில் ஈரம் அந்த அளவைத் தாண்டி நீடிப்பதில்லை. இரண்டு பலகைகள் அழுந்திக் கிடக்கும் இடுக்கிலும், மண்ணைத் தொடும் கால் நுனியிலும்தான் நாள்கணக்கில் நிற்கும். சாமான் கெடத் தொடங்கும் இடங்கள் அவையே.

இரண்டு உண்மைகளை இத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, பலகையின் அறுத்த முனை, அதன் பக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரைக் குடிக்கும். மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஏறிய நுண்குழாய்களின் வாய்கள் அங்கேதான் திறந்திருக்கின்றன. இரண்டு, ஈரம் ஏறினால் பலகை அகலத்தில் ஊதும், நீளத்தில் மாற்றம் மிகக் குறைவு. அகலமான ஒற்றைப் பலகையை இருக்கையாகப் போட்டால் அது குழிந்து தண்ணீரைத் தேக்கும், அல்லது வெடிக்கும். ஒடுக்கமான பலகைகளைக் கால் அங்குல இடைவெளி விட்டு அடித்தால் ஒவ்வொன்றும் தன் இடத்தில் ஊதிச் சுருங்கும், தண்ணீரும் இடைவெளி வழியே கீழே போய்விடும்.

மரமே அளவைச் சொல்லும்

கிடைத்த பலகையில் இருந்து வடிவத்தைத் தொடங்குவதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட் ஊரில் 1903-இல் தாமஸ் லீ என்பவர் தன் கோடை வீட்டு வாசலுக்குச் செய்த சாய்வு நாற்காலி, ஒரே பலகையில் இருந்து அறுத்த 11 துண்டுகளால் ஆனது. அடிராண்டாக் நாற்காலி என்று இன்று உலகம் முழுவதும் தோட்டங்களில் காணப்படும் வடிவம் அதன் வழி வந்ததே. நெதர்லாந்தின் கெரிட் ரீட்வெல்ட் 1934-இல் பேக்கிங் பெட்டிப் பலகையைக் கொண்டே நாற்காலியும் மேசையும் வடிவமைத்தார். இத்தாலியின் என்ஸோ மாரி 1974-இல், இழைக்காத பலகையும் ஆணியும் சுத்தியலும் மட்டும் கொண்டு யாரும் செய்துகொள்ளக்கூடிய மேசை, நாற்காலி, கட்டில்களின் வரைபடங்களை வெளியிட்டார். தபால் செலவை அனுப்பியவர்களுக்கு அவை இலவசமாகக் கிடைத்தன. மூவருடைய வேலையிலும் பொதுவானது நேரான வெட்டு, எளிய மூட்டு, பலகையின் இயல்பான நீளத்தை மதிப்பது ஆகியவை.

இங்கே எடுத்துக்கொள்வது, இருவர் உட்காரும் சாய்வில்லாத பெஞ்சு. பரவலாகக் கிடைக்கும் ஒரு பேலட் அளவு 1200 மி.மீ. நீளம், 1000 மி.மீ. அகலம். 1200 மி.மீ. என்பது 47 அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஆணி அடித்த முனைகள் பிளந்திருக்கும் என்பதால் இரு பக்கமும் ஓர் அங்குலம் வெட்டி எறிந்தால் 45 அங்குலம் மிஞ்சும். அதுவே பெஞ்சின் நீளம். மேல் பலகையின் கனம் முக்கால் அங்குலம் என்றும், அடியில் ஓடும் மூன்று கட்டைகள் 1½ அங்குலக் கனம், 3½ அங்குல அகலம் என்றும் வைத்துக்கொண்டால் துண்டுகள் இப்படி அமையும்:

இருக்கைப் பலகை: 45 அங்குல நீளம், 3½ அங்குல அகலம் – 4
பக்கச் சட்டம்: 37 அங்குல நீளம், 3½ அங்குல அகலம் – 2
கால்: அடிக்கட்டையில் 16 அங்குலம் – 4
மேல் குறுக்குச் சட்டம்: அடிக்கட்டையில் 12 அங்குலம் – 3
கீழ்க் குறுக்குச் சட்டம்: பலகையில் 12 அங்குலம் – 2

மூன்று அடிக்கட்டைகளில் இரண்டு நான்கு கால்களைத் தரும். மூன்றாவது, மூன்று குறுக்குச் சட்டங்களைத் தரும். மற்றவற்றுக்கு ஏழு பலகைகள் போதும். ஒரே பேலட்டில் பெஞ்சு முடிந்துவிடும். உட்காரும் உயரம் ஏறக்குறைய 17 அங்குலம், அகலம் 15 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பெரியவர்கள் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழ இந்த உயரம் சரியாக இருக்கும். கிடைத்த மரம் வேறு அளவாக இருந்தால் நீளத்தை மாற்றலாம், உயரத்தை மாற்ற வேண்டாம்.

கழற்றுவதும் மூட்டுவதும்

பேலட்டில் அடிப்பது பெரும்பாலும் முறுக்காணி. கடப்பாரையால் நெம்பினால் ஆணி வராது, பலகைதான் பிளக்கும். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே ஹேக்ஸா பிளேடை விட்டு ஆணியை அறுப்பது நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் பலகை முழுசாக வரும். பலகையில் தங்கும் ஆணித் தலையை அடிப்பக்கத்தில் இருந்து தட்டி வெளியேற்ற வேண்டும். ஒளிந்திருக்கும் ஆணி ஒன்றே இழைப்புளி அலகைக் கெடுக்கப் போதும் என்பதால், ஒவ்வொரு பலகையின் மேலும் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

மூலைமட்டம் வைத்துக் கோடு கிழித்து, ஒரே அளவுள்ள துண்டுகளை ஒன்றாக அடுக்கிச் சரிபார்க்க வேண்டும். நான்கு காலும் மயிரிழை வித்தியாசமின்றி இருந்தால்தான் பெஞ்சு ஆடாது. பலகையின் எல்லா விளிம்புகளையும் இழைப்புளியாலோ உப்புத்தாளாலோ லேசாக மழுக்க வேண்டும். கூர்மையான விளிம்பில் பெயிண்ட் மெல்லிசாகத்தான் நிற்கும். வெடிப்பு முதலில் தோன்றுவதும் அங்கேதான்.

முதலில் கால்களை இரண்டு இரண்டாகச் சேர்த்து இரு சட்டகங்கள் செய்ய வேண்டும். இரு கால்களை 12 அங்குல வெளி அகலத்தில் நிறுத்தி, மேல் முனைக்குச் சமமாக ஒரு குறுக்குச் சட்டத்தையும், தரையில் இருந்து 4 அங்குலம் மேலே இன்னொன்றையும் உள்பக்கமாக வைத்து, மூட்டுக்கு இரண்டு ஸ்க்ரூ வீதம் குறுக்குக் கோணத்தில் போட வேண்டும். ஒற்றை ஸ்க்ரூ போட்ட மூட்டு கதவுக் கீல் போலச் சுழலும். பிறகு இரு சட்டகங்களையும் பக்கச் சட்டங்களால் இணைத்து, மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால் சட்டகம் சதுரமாக இருக்கிறது. மூன்றாவது குறுக்குச் சட்டத்தை நடுவில், கீழே சிறு கட்டை முட்டுக் கொடுத்துப் பொருத்தினால் மேலே கால் அங்குல இடைவெளி விட்டுப் போடும் முக்கால் அங்குல இருக்கைப் பலகை தொய்யாது.

ஸ்க்ரூ போகும் இடத்தில் முதலில் மெல்லிய துளை இட வேண்டும், முக்கியமாகப் பலகையின் முனைக்கு அருகில். ஸ்க்ரூ துத்தநாகம் பூசியதாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும். சாதாரண இரும்பு துருப்பிடிப்பதோடு, துவர்ப்புப் பொருள் உள்ள மரங்களில் கறுநீலக் கறையையும் உண்டாக்கும். உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே கொடுத்த காசுக்கு ஏற்றது. இருக்கையில் ஸ்க்ரூத் தலை பலகை மட்டத்துக்குச் சமமாக நிற்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் அந்தக் குழியே தண்ணீர்த் தொட்டியாகும்.

பெயிண்ட்: வேலையின் பாதி

ஒன்றோடொன்று ஒட்டும் முகங்களுக்கு மூட்டும் முன்பே பிரைமர் அடித்துவிட வேண்டும். பிறகு பிரஷ் அங்கே நுழையாது. எனவே துண்டுகளை அறுத்து, துளையிட்டு, ஒரு முறை பொருத்திப் பார்த்து, கழற்றி, எல்லா முகங்களிலும் பிரைமர் அடித்து, காய்ந்த பின் நிரந்தரமாக மூட்டுவதே சரியான வரிசை.

தேய்ப்பதற்கு 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120-இல் முடித்தால் போதும். கண்ணாடிபோல வழவழப்பாக்கினால் பெயிண்டுக்குப் பிடிமானம் குறையும். பைன் பலகையின் கணுக்களில் பிசின் இருக்கும். வெயில் பட்டதும் அது உருகிப் பெயிண்டை மஞ்சளாக்கி வெளியே வரும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துக் கணுக்களின்மேல் இரண்டு முறை தடவினால் பிசின் அடைபடும். தேக்கில் பெயிண்ட் அடிப்பதானால் முதலில் தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அதன் இயற்கை எண்ணெய் பிரைமரை ஒட்டவிடாது.

ஆணித் துளைகளையும் வெடிப்புகளையும் மரத்துக்கான எண்ணெய்ப் பட்டியால் அடைக்க வேண்டும். சுவருக்குப் பூசும் பட்டி மரத்தில் நிற்காது. நனைந்து ஊறி, செதிலாக விழும். அடைத்த இடத்தைத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர் கொடுக்க வேண்டும்.

அறுத்த முனைகளுக்கு மூன்று கோட்டிங் பிரைமர் தேவை. கால் நுனிகளை ஒரு தட்டில் ஊற்றிய பிரைமரில் சில நிமிடம் நிறுத்தி வைத்து, வேண்டிய மட்டும் குடிக்க விடுவது இன்னும் நல்லது. கடலோர ஊர்களில் படகுகளுக்குத் தடவும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் கரையானைத் தடுக்கும். ஆனால் அது தோலைப் புண்ணாக்கும், கையுறை கட்டாயம். அது தடவிய இடத்தில் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது என்பதால் பெயிண்ட் அடிக்காத அடிமரத்துக்கே பொருந்தும்.

மேல்பூச்சுக்கு இரண்டு வகை உண்டு. எண்ணெய் சார்ந்த எனாமல் கெட்டியான, கழுவக்கூடிய பூச்சைத் தரும். வருஷங்கள் போகப்போக நெகிழ்வு குறைந்து வெடிக்கும். நீர் சார்ந்த அக்ரிலிக் வகை, மரம் ஊதிச் சுருங்கும்போது கூடவே நெகிழும், வாடையும் குறைவு. எதுவானாலும் இரண்டு கோட்டிங் கட்டாயம். இரண்டுக்கும் நடுவே 220-ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசு துடைக்க வேண்டும். நிறமற்ற வார்னிஷ் மட்டும் அடிப்பது வெயிலில் பயன் தராது. ஒளி அதை ஊடுருவி மரத்தின் மேல்தோலைச் சிதைக்கும், வார்னிஷ் படலமாக உரியும். பெயிண்டில் உள்ள நிறத்துகள்தான் வெயிலைத் தடுக்கும் குடை. வெளிர் நிறங்கள் சூட்டைக் குறைவாக வாங்கும். கறுப்போ கரும்பச்சையோ அடித்த இருக்கையில் சித்திரை மதியத்தில் உட்கார முடியாது.

இந்தப் பெஞ்சின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 22 சதுர அடி. அரை லிட்டர் பிரைமரும் அரை லிட்டர் பெயிண்டும் போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை முதல் சித்திரைவரை பெயிண்ட் வேலைக்கு ஏற்ற காலம். அப்போதும் பனி இறங்கிய அதிகாலையையும் நேர் வெயிலையும் தவிர்த்து, நிழலில் வைத்து அடிக்க வேண்டும். வெயிலில் அடித்தால் மேல்படலம் முந்திக் காய்ந்து, உள்ளே அடைபட்ட ஆவி கொப்புளமாகும். தொட்டால் காய்ந்ததுபோல இருந்தாலும், ஒரு வாரம் கழித்து உட்காருவது நல்லது.

ஓர் எச்சரிக்கை: மரவேலையில் ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்தினால், அதில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அது காயும்போது சூடேறித் தானாகத் தீப்பிடிக்கக்கூடும். விரித்துத் தனியாக வெளியில் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி மூடிவைக்க வேண்டும்.

போட்ட பிறகு

பெஞ்சின் கால்கள் மண்ணைத் தொடக்கூடாது. ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு கல்லோ செங்கல்லோ வைத்தால் ஈரமும் கரையானும் நேரே ஏறாது. செங்கல்லின் மேல் மண்பாதை தெரிகிறதா என்று அவ்வப்போது குனிந்து பார்க்க வேண்டும். கரையான் மறைவாக வரும் வழி அதுதான். இடைவெளிகளில் அடையும் சருகையும் மண்ணையும் தள்ளிவிட வேண்டும். அவை ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

வருஷத்துக்கு ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன், முனைகளையும் மூட்டுகளையும் ஸ்க்ரூத் தலைகளையும் சரிபார்த்து, பெயிண்ட் விட்ட இடத்தைத் தேய்த்துத் தொட்டு அடித்தால் முழுப் பெஞ்சையும் மறுபடி அடிக்கும் வேலை தள்ளிப்போகும். அதற்காகவே டின்னில் மிஞ்சிய பெயிண்டை இறுக மூடி வைத்திருக்க வேண்டும்.

ஒரு பெஞ்சு கைக்கு வந்துவிட்டால், அதே சட்டகத்தைக் குறுக்கினால் முக்காலி, உயர்த்தினால் 28 அங்குல மேசை, நீட்டினால் செடித்தொட்டி வைக்கும் மேடை. வீட்டிலோ கடையிலோ தெருவிலோ பழைய மரம் விறகாகப் போகும்போது, ஒவ்வொரு துண்டையும் ஒரு முறை கையில் எடுத்துத் தட்டிப் பாருங்கள். உறுதியாகச் சத்தம் கேட்கும் துண்டில் இன்னும் பல வருஷ உழைப்பு மிச்சம் இருக்கிறது.

(தொடரும்)